மூச்சுப்பிடிப்பு என்றார்கள்

அறுவடைக் கூலிக்காக எங்கள் ஊரில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம் எனக்கு எட்டு வயது. கால் முதலில் வந்து பிறந்தவள் நான். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் மூச்சுப்பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் என்னைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

வேலைநிறுத்தத்தின்போது ஒருநாள் காலை மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். மறிக்கப் போன அப்பா, தள்ளுமுள்ளு முடிந்து திரும்பினார். தை மாதக் குளிரில் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். இடது கை குடைந்தது, தாடையும் வலித்தது.

"மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள் அம்மா. சித்தப்பா விடவில்லை.

"மாரடைப்பெல்லாம் மிராசுதாருக்கு வர்ற வியாதி, அண்ணி. உக்காந்து நெய்யா திங்கறவனுக்கு வரும். ஓடியாடி உழைக்கிறவனுக்கு எங்க வரும்? இது மூச்சுப்பிடிப்பு. பாப்பாவைக் கூப்பிடுங்க."

அப்பாவும் சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வியாதியைக்கூட மிராசுதாருக்கு விட்டுக்கொடுத்த ஜனங்கள்! ஏழைக்கு இனி விடிவுதான் என்று ஆளுங்கட்சி மேடையில் முழங்கினார்கள், உழுபவனுக்கே நிலம் என்று செங்கொடி மேடையில் முழங்கினார்கள். நெஞ்சு கனத்து, கை குடைந்து, வியர்த்துக் கொட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று ஒருவராவது சொன்னார்களா?

நான் நீவினேன். மன்னார்குடி பஸ் ஹாரன் அடித்தபடி தெருமுனையைக் கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் அப்பா, "விட்டுடுச்சி தாயி" என்றார். விட்ட மாதிரி விட்டுத் திரும்பவும் பிடிக்கும் வலி அது என்று யாருக்குத் தெரியும்? சித்தப்பா எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார்.

மத்தியானம் அப்பா வாந்தியெடுத்துச் சாய்ந்தார். மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு போனோம். வழியிலேயே உயிர் போய்விட்டது. வலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். காலையில் என்றாள் அம்மா.

"காலையிலேயே கொண்டாந்திருந்தா ஊசி, மருந்துன்னு எதாவது பாத்திருக்கலாமேம்மா!" என்று அவர் கத்தியது அம்மாவைப் பார்த்துத்தான். சித்தப்பா தூணோரமாகத் தலைகுனிந்து நின்றார்.

காரியம் முடிந்த மறுநாள், பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து என்னை அனுப்பச் சொன்னார். நான் துள்ளி எழுந்தேன். அம்மா என்னை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொலைங்கய்யா!" என்று தெருவே கேட்க ஏசினாள்.

அப்பாவின் வலியையே விடவைத்தவள் நான். என்னை ஏன் அனுப்ப மாட்டேன் என்கிறாள் என்று அம்மாமேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.