ஃப்ரீசரிலிருந்து எடுத்த குட்டி

கடையில் எல்லோரும் அவளைப் பஞ்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எலியைக்கூடப் பஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறாளே என்று கடைக்காரர் வைத்த பெயர். அதற்கு முன்னால் பதினொரு வருடம் சலவைக்கடையில் இஸ்திரி போட்டவள். முழங்கால் நிற்கவிடாமல் படுத்தியதால் அதை விட்டுவிட்டு, பாம்பும் பல்லியும் ஆமையும் விற்கிற இந்தக் கடையின் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

பின்னறையில் எலி வளர்த்தார்கள். அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் தொட்டிகள், மரத்தூள், தலைகீழாகத் தொங்கும் தண்ணீர்ப் புட்டிகள், கண்ணைக் கரிக்கும் மூத்திர நெடி. எல்லாம் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் வாங்கிப்போகிற தீனி. அவள் வந்த புதிதில் எலியை உயிரோடுதான் கூண்டுக்குள் விடுவார்கள். ஒருநாள் ஒரு எலி மூலையில் ஒண்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடுங்கியதைப் பார்த்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனாள். கடைக்காரரை நச்சரித்து நச்சரித்து, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் மூடிபோட்ட பெட்டியும் வாங்கவைத்தது அவள்தான்.

அதிலிருந்து, வாரத்துக்கு இரண்டு தடவை வரும் அந்த வேலையை அவள் வேறு யாரிடமும் விட்டதில்லை. குழாயை முழுக்கத் திறந்து பெட்டியைக் காஸால் நிரப்பிவிடுவாள். சீக்கிரம் முடிந்தால் அதுதானே கருணை? எலிகளை உள்ளே விட்டு, மூடி, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். பத்து நிமிடம். பிறகு பையில் போட்டு ஃப்ரீசரில் வைப்பாள். வாங்க வருகிறவர்கள் தயங்கினால், "தூங்கிப்போயிடும், அவ்வளவுதான்" என்பாள். பள்ளி வேன் ஓட்டுகிற அவள் கணவர், தன் பெண்டாட்டிக்கு எமன் ஆபீசில் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமை லீவு என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆறு வருடம் இப்படியே ஓடியது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். பிறந்து ஒருநாள்கூட ஆகாத, முடி முளைக்காத எலிக்குட்டிகளைப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, பையில் போட்டு அப்போதுதான் ஃப்ரீசரில் வைத்திருந்தாள். பிங்கி என்பார்கள் கடையில். சின்னப் பாம்புக் குட்டிகளுக்கு அதுதான் தீனி. பையில் ஐந்தா ஆறா என்று சந்தேகம் வந்தது. எடுத்து உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள்.

நாலாவது குட்டி வாயைத் திறந்தது.

குளிரில் தோல் ஏதோ சுருங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன விரல்களுக்கு மெல்லிய எதுவும் லேசில் உறைக்காது. ஆனால் இது உறைத்தது. சுண்டுவிரல் நகம் அளவு கால் ஒன்று அவள் கையை உந்தியது. மற்றவற்றையும் விளக்கின் கீழே துண்டை விரித்துப் போட்டாள். இன்னும் இரண்டு அசைந்தன.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "விடுங்கக்கா. பாம்புக்குத் தெரியவா போகுது?"

அசைந்த மூன்றையும் அவள் துண்டின் ஓரமாகத் தனியே எடுத்து வைத்தாள்.

ஒரு பல்லிக்கு வாய்ப்புண் பார்க்க அன்று மதியம் கால்நடை மருத்துவர் வந்தார். அவள் வயதுக்காரப் பெண். பஞ்சக்கா துண்டோடு குட்டிகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் முதலில் பையிலிருந்து ஊசியை எடுத்து அந்த மூன்றுக்கும் போட்டு, அவற்றின் வேதனையை முடித்தார். பிறகுதான் விவரம் கேட்டார்.

அப்போதுதான் பிறந்த குட்டி தாய் வயிற்றில் குறைந்த காற்றில் வாழ்ந்து பழகியது, அதற்குப் பத்து நிமிடம் எந்த மூலைக்கு என்றார். பெரிய எலிக்கு ஆகிற நேரத்தைப்போலப் பல மடங்கு ஆகுமாம், ஒரு மணி நேரம்கூட. அதற்குள் ஃப்ரீசரில் வைத்தால் அது உயிரோடு உறைகிறது. பெரிய எலிகளும் தப்பவில்லை. நிரம்பிய பெட்டிக்குள் விட்டால் அந்தக் காஸ் மூக்கின் ஈரத்தில் பட்டு அமிலமாக எரியும். மெல்ல மெல்ல ஏற்றினால்தான் எரிச்சல் தெரிவதற்கு முன்னால் நினைவு தப்பும். அதுவும் துளி வேதனை இல்லாத வழி என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது, கையில் இருக்கிற வழிகளில் வேதனை குறைந்தது அது என்றார்.

"துண்டை எடுத்துட்டு ஒருதடவையாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லைங்க டாக்டர். பார்க்கக் கூடாதுன்னுதான் போர்த்துவேன்."

மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

வீட்டில் கணவர் வழக்கம்போல் எமன் கதையை ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் நடந்ததைச் சொன்னாள். "தெரியாமத்தானே செஞ்சே" என்றார்.

"தெரிஞ்சுக்காம செஞ்சேங்க. உயிரோட விடறது பாவம்னு ஊருக்கெல்லாம் சொன்னதே நான்தான்."

வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தாள். தன் இடத்துக்கு வருகிறவர் குழாயை முழுக்கத் திறப்பார், பத்து நிமிடம் பார்ப்பார், அவ்வளவுதானே என்று தோன்றியது. மூன்றாம் நாள் போய்க் கடைக்காரரிடம், காஸை அளந்து விடுகிற மீட்டர் வரும்வரை ஒரு எலியைக்கூடத் தொடமாட்டேன் என்றாள். அவர் முனகினார். ஆனாலும் வாங்கிப் போட்டார்.

முதல் தடவை துண்டில்லாமல் பெட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். காஸ் மெல்ல ஏறியது. எலி முகத்தைத் துடைத்துக்கொண்டது, மோந்து பார்த்தது, தள்ளாடியது, பக்கவாட்டில் சாய்ந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மூச்சு நின்ற பிறகும், நெஞ்சில் விரல் வைத்துப் பார்க்காமல் ஒன்றையும் பையில் போடவில்லை.

இப்போது குட்டிகளுக்கென்று தனிப் பெட்டி. காலைப்பொழுது முழுக்க அதற்கே போகிறது. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து உறுதி செய்கிறாள். இவ்வளவு நேரமா என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. சில நாள் கையில் பையோடு அப்படியே நின்றுவிடுவாள். வாரத்துக்கு இரண்டு தடவை, ஆறு வருடம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். பிறகு தலையை உதறிக்கொண்டு, தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றப் போவாள்.