குரோட்டன் நட்ட பூங்கா

பூங்காவில் புல் வெட்டியிருந்தார்கள். பச்சை வாசனைதான் அடித்தது. ஆனாலும் பழைய குப்பை வாடை ஏறிவிட்டதோ என்று மகனின் சட்டையை முகர்ந்து பார்த்தேன். புல்லுக்கு நடுவே நிற்கும் வெள்ளைக் குழாய்கள் அடியில் தேங்கும் வாயுவை வெளியேற்றத்தான் என்று படித்திருக்கிறேன். படித்ததால் பயம் குறையவில்லை. சறுக்குமரத்தை ஈரத் துணியால் துடைத்த பிறகுதான் அவனை ஏறவிட்டேன். சிரிக்காதீர்கள், எனக்கு இந்த இடத்தைத் தெரியும்.

தெரணியகலைப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தின் விளிம்பு இது. பூங்காவாகும் முன் டவுன் குப்பை கொட்டிய மேடு. அதற்கும் முன், லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஆட்களின் புதைகாடு. குழிக்குக் கல் வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, வசதியும் இல்லை. தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொம்பை ஒடித்து நடுவோம். ஒருவருக்கு மஞ்சள் புள்ளி இலை, இன்னொருவருக்கு அகல இலை. பேர் எழுதாமலே ஆள் தெரியும். கைக்குழந்தையாகக் காய்ச்சலில் போன என் தம்பிக்கு அப்பா நட்டது சிவப்புச் சுருட்டை. எதிர்ச் சரிவில் பிளந்து நிற்கும் பாறைக்கு நேர் எதிரே.

கல்லறைத் திருநாளில், ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைக்குள் மெழுகுவத்தியை நிறுத்திக் கொண்டுபோவோம். காற்றுக்கு அணையாது. பாலின் புளித்த வாடையும் மெழுகு வாடையும் கலந்ததுதான் எனக்குத் தம்பி. அவன் முகம் நினைவில்லை.

குப்பை ட்ராக்டர் முதலில் வந்த நாள் அப்பாவும் மற்றவர்களும் வழிமறித்தார்கள். பள்ளிச் சீருடையோடு அப்பாவின் பின்னால் நின்றேன்.

"ஆளப் பொதைச்ச எடங்க, மாத்தையா."

கூட வந்த சிங்கள அதிகாரி சுற்றிலும் பார்த்தார். "கோ சொஹொன? கலக்வத் நேனே." கல்லறை எங்கே, ஒரு கல்கூட இல்லையே என்று. அவர் கண்ணுக்கு அது வெறும் செடிக்காடு.

அதன் பிறகு வருடாவருடம் அப்பா வேலிக்கு வெளியே, றோட்டோரத்தில்தான் சிரட்டையை வைத்தார்.

இந்தத் திருநாளுக்கு உள்ளே போக வேண்டும் என்றார். நெஞ்சில் நோய், கண்ணும் மங்கல். "அடுத்த வருசம் இருக்கேனோ என்னமோ. ஒருக்காவாச்சும் அவன் தலமாட்டுல வைக்கணும் புள்ள." அழைத்துவந்தது தப்போ என்று ஆட்டோவிலேயே யோசித்தேன். மகன் சறுக்கும்வரை வாசல் பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரைக் கைபிடித்து நடத்தினேன்.

நடைபாதையின் இரு பக்கமும் குரோட்டன், வரிசையாக. அழகுக்கு நட்டவை. அப்பா நின்றுவிட்டார்.

"பாத்தியா புள்ள, எல்லாருக்கும் நட்டு வச்சிருக்காங்க. அன்னைக்கு நாம சொன்னத மறக்கல."

அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டுமோ? இன்னும் தெரியவில்லை. அவர் இலைகளைத் தடவித் தடவிப் போய், ஒரு சிவப்புச் சுருட்டையின் முன் குந்தினார். சிரட்டை வைக்க மண்ணைப் பறித்தபோது பழைய பொலித்தீன் ஷொப்பிங் பேக் ஒன்றின் நுனி மேலே வந்தது. அவர் பார்க்குமுன் உள்ளே தள்ளினேன்.

காவலாளி வந்துவிட்டார். "சீயா, மெத்தன பத்து கரன்ன பே." இங்கே கொளுத்தக்கூடாது தாத்தா, என்றார்.

"மகே புத்தா மெத்தன இன்னே, மாத்தையா." என் மகன் இங்கேதான் இருக்கிறான் என்றார் அப்பா.

காவலாளி என்னைப் பார்த்தார். "இக்மனட்ட, நங்கி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சீக்கிரம் தங்கச்சி, என்கிறார். தீக்குச்சியை நானே உரசிக் கொடுத்தேன்.

நிமிர்ந்தபோது எதிர்ச் சரிவில் பாறை தெரிந்தது. அந்தப் பிளவுக்கு நேர் எதிரே, நான் துடைத்துவிட்டு வந்த சறுக்குமரம்.

"அம்மா, பாருங்க!" மகன் கைகளை விரித்துக்கொண்டு சறுக்கி இறங்கினான். அவனைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

அப்பா செடியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. புதைகாடும் இல்லை, குப்பை மேடும் இல்லை. தம்பி படுத்திருக்கும் இடம் இனி எனக்கு மட்டும்தான் தெரியும். அதன்மேல் என் மகன் மறுபடியும் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்.