நாத்தனார் கொடுத்த கிரீன் டீ

என் கணவருக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். வாராவாரம் பூலாம்பாடியிலிருந்து பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்கிறோம். சில மாதங்கள் போட்டும் ரத்தப் பரிசோதனையில் முன்னேற்றமே இல்லை. "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் டாக்டர், "வேற ஏதாவது சாப்பிடறாராம்மா?" என்று கேட்டார். எப்போதும்போல, "வேற மருந்து எதுவும் இல்லைங்க சார்" என்றேன்.

"மருந்தைக் கேக்கல. காலையிலேருந்து என்னென்ன குடிக்கறாரு, சொல்லுங்க."

மலேசியாவிலிருந்து வந்த நாத்தனார், "கேன்சருக்கு நல்லது" என்று பை நிறையக் கொடுத்த கிரீன் டீயைச் சொன்னேன். ஊசி போடும் நாளில் தெம்புக்காக பிளாஸ்கில்கூட எடுத்துப்போவோம்.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "செல்லுக்குள்ள வேண்டாத புரதத்தை உடைச்சுத் தள்ள ஒரு ஏற்பாடு இருக்கும்மா. இந்த ஊசி அதை அடைச்சுடும். புற்றுநோய் செல்லு தன் குப்பையிலேயே திணறிச் சாகும். கிரீன் டீ அந்த மருந்தையே பிடிச்சு வெச்சுக்கும். அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா உடனே நிறுத்துங்க."

நாத்தனாரிடம் போனில் சொன்னேன். "என் தம்பிக்கு நல்லதுக்குத்தானே குடுத்தேன்? டாக்டரு தப்பிக்க எதையாவது சொல்லுவாரு" என்றார்.

இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், டாக்டரிடம் காட்டாமல் அடுப்படிக்குள் விடுவதில்லை. எனக்குத் திமிர் என்கிறார்கள். இருக்கட்டும். நல்லதுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட இதுவரை எங்களோடு திருச்சி பஸ்ஸில் ஏறியதில்லை.