வாசல் தாண்டிய தட்டும் மூழ்கிய தரைப்பாலமும்

கடந்த கார்த்திகையில் என் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். பையன் வீடு ஆந்திரப் பக்கம். தம்பி இருக்கும் பள்ளிப்பட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். திருத்தணியிலிருந்து காலை ஆறரைக்கு வாடகைக் காரில் கிளம்பினேன். போக வர இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய், பேரம் பேசிய பிறகு. தம்பி குடும்பத்தையும் வரிசைத் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி ஒன்பது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. தரைப்பாலத்தையும் காணோம்.

மேலே ஆந்திரப் பக்கத்து அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

“ராத்திரியே தொறந்துட்டாங்களாம்மா,” என்றார் டிரைவர்.

“இங்கே யாருக்குச் சொன்னார்களாம்?”

“தண்ணிதாம்மா வந்து சொல்லுது.”

எதிர்க்கரையில் எங்களை அழைத்துப்போக வந்த சம்பந்தி நின்றிருந்தார். கண்ணுக்கெதிரே நிற்பவரோடு தம்பி போனில் சண்டை போட்டான்.

“பங்குனியில கெஞ்சினாலும் ஒரு சொட்டு வுட மாட்டீங்க. இப்ப என் நாத்து முழுகிக்கினு இருக்குது. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா பாவா?”

“அணை என்னா என் வூட்டுத் தொட்டியா? தொறக்கலன்னா ஒடைஞ்சி எங்க ஊருதான் மொதல்ல போவும்!”

“தெரியுமா தெரியாதா, அத்த சொல்லுங்க.”

“ஆங்… அணையில சங்கு ஊதினாங்க. ஒங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்கன்னு இருந்துட்டேன்.”

“அப்ப தட்டு திரும்புது!”

எங்களில் வாசல் தாண்டிய தட்டு மாற்றாமல் வீடு திரும்பினால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். பெண் காரில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் போனைப் பிடுங்கினேன். “நகரி வழியாகச் சுற்றி வருகிறோம். தட்டு மாற்றும் முன் சபையில் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். சங்கு ஊதினால் முதல் போன் பள்ளிப்பட்டுக்கு.”

கொடுத்தார். நல்ல நேரம் போய், சாம்பார் ஆறி, தட்டு மாறியது. அதன்பின் இரண்டு முறை போன் வந்துவிட்டது. கரையோரம் முழுக்கத் தம்பிதான் சொல்லி அனுப்புகிறான்.

ஒரே ஆற்றில் அணை கட்டிக்கொண்டு அண்டை நாடுகள் முறைத்துக்கொள்வதைச் செய்தித்தாளில் படித்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது. பங்கு கேட்டுப் பேச இருக்கும் வாய், “திறக்கிறோம், ஒதுங்குங்கள்” என்று சொல்ல மட்டும் இருப்பதில்லை.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை நம்பாதீர்கள். அணைப் பக்கம் யாரையாவது கேளுங்கள். ஆள் இல்லையென்றால் நகரி வழி. அங்கே பாலம் உயரம். ஒன்றரை மணி நேரமும் அறுநூறு ரூபாயும் கூடுதல். எங்களுக்கு ஆள் இருக்கிறார், ஆனால் அதற்கு ஒரு பெண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் அணைக்கும் ஒரு பெண்ணுக்கு எங்கே போவது?