கண்ணாடிப் பெட்டியில் இருந்த வேல்

கொல்லிமலை அருங்காட்சியகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது நடந்தது. பெயர்தான் அருங்காட்சியகம். உண்மையில் அது ஊர்த்தலைவராக இருந்த ஊர்க்கவுண்டர் ஒருவரின் பழைய வீடு. மண்சுவர், பலாமர உத்தரம், தலை குனிந்து நுழைய வேண்டிய வாசல். அந்தக் குடும்பம் சேலத்துக்குக் குடிபோனபோது, உள்ளே இருந்த சாமான்களோடு வீட்டை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டது. டிக்கெட் கிழிப்பது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். எனக்குச் சொந்த ஊர் மலையடிவாரம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், திண்ணனூர் நாடு என்று சொல்லும் மலை ஊர்த்தொகுதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, டிக்கெட் கேட்காமல் நேராக உள்ளறைக்குப் போனார்கள். அங்கே ஒரு நீளக் கண்ணாடிப் பெட்டியில் ஆள் உயர இரும்பு வேல் கிடந்தது. ‘வேட்டை ஈட்டி’ என்று எழுதி ஒட்டியிருந்தோம். அதன்முன் நின்று கும்பிட்டார்கள்.

அவர்களில் வயதானவர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங் அம்மணி, இது எங்க சாமிங்க. கவுண்டர் ஊட்டுல பத்தரமா இருக்கட்டும்னு வெச்சிருந்தோம், அவ்வளவுதான். வெள்ளிக்கெழம எங்க கோயில் நோம்பி. கூட்டிட்டுப் போக வந்திருக்கறோம்.”

எங்கள் துறை அதிகாரிக்குப் போன் செய்தேன். “பெட்டியத் தொறக்காதீங்க. போகலைன்னா போலீஸுக்குச் சொல்லிருவேன்னு சொல்லுங்க” என்றார். சின்ன அறை. அவர் குரல் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

கூட்டத்தில் ஒருவன் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். முப்பது வயது இருக்கும். திரும்பி வரும்போது சுவரோரம் காட்சிக்கு வைத்திருந்த கடப்பாரை அவன் கையில் இருந்தது.

அவன் ஓங்கியபோது ஒரு பெண் கையைப் பிடித்தாள். “கண்ணாடி ஒடஞ்சு சாமி மேல உழுந்தா என்னடா பண்ணுவ?”

நின்றான். ஆனால் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. அவள் என்னிடம் கேட்டாள், “சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “இருக்குதுங்க” என்றேன். சொன்ன பிறகுதான் அடுத்தது தோன்றியது. “நானும் கூட வாரேன். நோம்பி முடிஞ்சதும் சாமி என்கூடத் திரும்பி வரோணும். அத எழுதிக் குடுங்க.”

வருகைப் பதிவேட்டில் எழுதினார்கள். சிலர் கையெழுத்து, சிலர் கைநாட்டு. பெட்டியைத் திறந்தேன். கிளம்பும் முன் மறுபடி அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “எது ஆனாலும் உங்க பொறுப்பு” என்று வைத்துவிட்டார்.

ஜீப்பில் போய், அப்புறம் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். கடப்பாரை ஓங்கியவனைத் தடுத்த அந்தப் பெண் வீட்டில்தான் தங்கினேன்.

நோம்பி முடிந்து சனிக்கிழமை காலை வேலோடு கிளம்பும்போது, கோயில் முன்னால் கடப்பாரை எடுத்த அதே ஆள் வழி மறித்தான். “எங்க சாமிய நாங்க எதுக்குங்க திருப்பித் தரோணும்?” பாதிப் பேர் அவன் பக்கம் போய் நின்றார்கள்.

அவன் கேட்டதில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். “தரலீன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க” என்றேன். “ஆனா அங்க மத்த ஊர்ச் சாமானும் இருக்குது. நாளைக்கு அவங்க வந்து கேட்டா, நீங்க திருப்பித் தராததக் காட்டியே ஆபீஸ்ல பெட்டியத் தொறக்க மாட்டாங்க.”

ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள். அந்த நேரம் முழுக்க நான் வெயிலிலேயே நின்றேன். கடைசியில் பெரியவர் வேலைப் புதுத் துண்டு ஒன்றில் சுற்றித் தன் தோளிலேயே எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் முன்னால் நடந்தார்.

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் சமவெளியில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த நோம்பிக்கு அந்தப் பெண் போன் செய்தாள். அருங்காட்சியகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு சாமியைக் கொடுத்தார்களாம். இப்போது அப்படியொரு உத்தரவே இருக்கிறதாம்.

“நீங்களும் வாங்க” என்றாள். லீவு கிடைக்கவில்லை.