இன்னும் நம்முடையதாகாத வீடு

இந்த வீட்டு வாசல் சுவரில் முதல் ஆணியை அடிக்க நான் சுத்தியை ஓங்கியபோது, வீட்டுக்காரர் மேஸ்திரி ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இர்றா கண்ணு, இன்னும் ஒன் வூடு ஆவலியே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். உங்களில் பெரியவள் அப்போது அம்மா வயிற்றில். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிடத்தான் அந்த ஆணி.

"ஏம்ப்பா நாம மட்டும் பெங்களூருக்குப் போகல?" என்று கேட்கிறீர்களே பிள்ளைகளே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஆண்டர்சன்பேட்டையில் இந்த வீட்டை எனக்கு வாடகைக்கு விட்டபோது மேஸ்திரி ஐயா ஒரு ஏற்பாடு சொன்னார். மாதா மாதம் வாடகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த மேல்பணம் வீட்டு விலையில் கழியும். விலை தீர்ந்ததும் என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். நடுவில் காலி செய்தால் கொடுத்ததெல்லாம் வெறும் வாடகை. பெங்களூர்ப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிற, சம்பளச் சீட்டு இல்லாத எனக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? சொந்த வீட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. அவரும் என் அப்பாவும் தங்கச் சுரங்கத்தில் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், இறங்கி ஏறியவர்கள். மேலே நின்று கேஜை இழுப்பவனை நம்பித்தான் கீழே இருப்பவன் உயிர். அப்படி இருந்தவர்கள் வீட்டில் ஒருவரிடம் ஒருவர் முத்திரைத்தாள் கேட்பது அசிங்கம். நான் கேட்கவில்லை.

கூரைத் தகரம் ஒழுகினால் நானே மாற்றினேன், நமக்கு வரப்போகிற வீடு என்று. குளியலறைக்குக் கதவு வைக்க அவரிடம் போய் நின்றேன், இன்னும் வரவில்லையே என்று. உங்கள் அம்மா ஒருநாள் துடைப்பத்தோடு நின்று கேட்டாள்: "ஒழுகுனா நம்ம வூடு, ஒட்டடை அடிக்கணும்னா அவரு வூடு. நல்லா கீதுங்க ஒங்க பேரம்!" பட்டறை முதலாளி, பெங்களூரில் பட்டறைக்குப் பின்னாலேயே குடியிருக்க இடம் தருகிறேன் என்றார். இங்கே காலி செய்தால் எல்லாம் போச்சு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தினமும் இருட்டோடு எழுந்து வேலைக்கு ரயில் ஏறினேன். இன்றும் ஏறுகிறேன்.

விலை தீர்ந்த மாதம் பங்காருபேட்டைக்குப் போனேன். மேஸ்திரி ஐயா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். என்னை உள்ளே அழைக்காமல் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப் போனார். டீ ஆறி ஆடை கட்டியது. "பத்திரம் பையன் பீரோல கீது. நான் ஒனக்கு வாக்கு குடுத்தது அவனுக்குத் தெரியாது. அந்த வூடு வரும்னுதான் எனக்கு சோறு போடறான். பத்திரத்த கேட்டா அன்னிக்கே நான் ரோட்ல" என்றார். கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. அவர் டீக்காசுக்கு மடியில் சில்லறை தேடியதைப் பார்த்ததும் வாய் வேறு பேசியது: "எங்களோட வந்து இருங்க ஐயா."

"பெத்த புள்ள கீறப்ப குடித்தனக்காரன் வூட்ல போய் குந்துனா ஊரு இன்னாடா சொல்லும்? ஒனக்கு எழுதாம நான் சாவ மாட்டேன், போ."

எழுதிக் கொடுத்தால் அவர் தெருவுக்கு வருவார். எழுதாமல் கண்ணை மூடினால் நாம் வருவோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் குடியிருக்கிறோம்.

போன ஞாயிறு, இங்குள்ள தன் பழைய சர்ச்சுக்கு வந்துவிட்டு நம் வீட்டுக்கு நடந்துவந்தவர் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நீங்கள் விசிறினீர்கள். நான் ஆட்டோவைக் கூப்பிட்டு, அவரைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் உடைந்து அழுதுவிட்டேன். கட்டிலில் படுத்தபடி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, ஒங்கப்பன் போனப்பகூட நீ இப்படி அழலியே" என்றார்.

நான் அவரை எழுப்பி உட்காரவைத்தேன். குனிந்து அவர் செருப்பை மாட்டிவிட்டேன்.