மூன்று தரம் தீட்டிய சாமை

அக்கா கடந்த ஏழு நாள் என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். பட்டியல் போடாமல் எனக்கு யோசனை ஓடாது. கொல்லிமலையில் உள்ள ஒரு அரசு சுகாதார நிலையத்தின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. அக்கா சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்தில் பழம் விற்கிறாள்.

காலை டீ, வெண்ணெய் பிஸ்கட் நான்கு. பதினொரு மணிக்குப் பன், டீ. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, ரசம். நாலு மணிக்கு போண்டா இரண்டு, டீ. இரவு மீதிச் சோறு. மறுநாளும் அதேதான், போண்டாவுக்குப் பதில் பஜ்ஜி. ஏழு நாளில் கீரை ஒரே வேளை. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதற்கு, "இத்தன டீ குடிக்கறனே, அதுல தண்ணி இல்லாம வெறும் பாலா இருக்குது?" என்றாள். பழம் என்ற இடத்தில் ஏழு கோடு போட்டேன். கண் முன்னால் கூடை நிறையக் கொய்யா.

"விக்கற சாமானை நாமளே தின்னா ஆச்சா கண்ணு?"

இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து ஒன்பது கிலோ ஏறியிருந்தாள். அது அவளுக்குக் கவலையே இல்லை. நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வெளிக்குப் போனாள், போனால் ரத்தம். வெட்கப்பட்டு ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை, தினமும் ரத்தம் பரிசோதிக்கிற என்னிடம்கூட. சொன்ன அன்றே எங்கள் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இறுகி இறுகிப் போயி வெடிப்பு வந்திருக்கும்மா. மருந்து தரேன், சாப்பாட்டையும் மாத்துங்க. ஒரு மாசத்துல ஆறலைன்னா சேலம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தந்துடறேன். ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கலாம்."

அக்காவுக்கு ஆபரேஷனைவிட அந்தப் பயணம்தான் பயம். சின்னவன் இன்னும் பால் குடிக்கிறான். மாமா மிளகு பறிக்கப் போகிற நேரம். இவள் கீழே இறங்கினால் வீட்டைப் பார்க்க ஆளில்லை.

அன்றே அடுத்த பட்டியல் போட்டேன். சாமைச் சோறு, கீரை, அவரை, தினம் இரண்டு கொய்யா, தண்ணீர் எட்டு டம்ளர். பன், பிஸ்கட், போண்டா கூடாது. சாமை அவர்கள் காட்டில் விளைவதுதான். மூட்டை வீட்டிலேயே இருந்தது.

இரண்டு வாரம் போயிற்று. வேதனை கொஞ்சம்கூடக் குறையவில்லை. எங்கள் நர்ஸ் நாமக்கல்காரர். "என்னம்மா, உங்க மலைச் சாமை வேலை செய்யலையா?" என்று சிரித்தார். சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

கொய்யா ஒன்றுதான் தின்கிறாள், தண்ணீர் ஐந்து டம்ளர்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் சோறு மூன்று வேளையும் சாமையாம். சட்டியைத் திறந்தேன். உள்ளே மல்லிகைப்பூப் போல வெள்ளைச் சோறு.

"இது சாமையா?"

"சாமைதாங் கண்ணு. மருந்துக்குத் திங்கறதாச்சே, சுத்தமா இருக்கோணும்னு மூணு தரம் தீட்டச் சொன்னேன். மில்லுக்காரரு மொகத்தச் சுளிச்சாரு. இருந்தாலும் தீட்டித் தந்தாரு."

"தவிடு?"

"கோழிக்குத்தான். நல்லாத் திங்குது. தெனமும் முட்டை வெக்குது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவுக்கு எது வேண்டுமோ அதைக் கோழி தின்று கொழுத்திருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்பதற்கும் மனதுக்குள் பட்டியல் ஓடியது. வெள்ளையாக இருந்தால்தான் எடுப்போம் என்று இந்த மலையைப் பழக்கிய வியாபாரிகள். அதே வெள்ளைத் தானியத்தை நார்ச்சத்து என்று அச்சடித்த பாக்கெட்டில் விற்கிறவர்கள். விருந்தென்றால், சீக்கென்றால் வெள்ளைச் சோறுதான் மரியாதை என்று நினைக்கிற எங்கள் வீடுகள். கடைசியில் நான். வெளியூரில் படித்த காலத்தில் லீவில் வந்தபோதெல்லாம் அக்கா எனக்காகத் தனியாக அரிசிச் சோறு வடித்தாள். நானும் பெருமையாகச் சாப்பிட்டேன். பட்டியலில் 'சாமை' என்று ஒரு சொல் எழுதிவிட்டு, எப்படிப்பட்ட சாமை என்று எழுதாமல் விட்டதும் நான்தான். ஆய்வகத்தில் இப்படி ஒரு சீட்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மறுநாள் லீவு போட்டேன். இருவரும் மூட்டையோடு மில்லுக்குப் போனோம்.

"உமி மட்டும் போகட்டுங்க. தீட்ட வேண்டாம்," என்றேன்.

"அம்மணி, கருப்பா இருக்குமுங்க. அப்பறம் மிசினு சரியில்லைன்னு என்னச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டோமுங்க."

அந்தச் சோறு வேக நேரம் பிடித்தது. மாமா முதல் நாள், "இது நமக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டார். அக்கா முறைத்ததும் தின்றார். கொய்யா இரண்டாயிற்று, தண்ணீர் எட்டாயிற்று. பத்து நாளில் ரத்தம் நின்றது. மாதம் முடிந்தபோது எடை ஒரு கிலோதான் குறைந்திருந்தது. ஆனால் டாக்டரம்மா, "சேலம் வேண்டாம், இப்படியே சாப்பிடுங்க," என்றார். அக்கா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த மூட்டைக்கு மில்லுக்குப் போனபோது எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். "நல்லா வெள்ளையா வரோணுமுங்க, மூணு தரம் ஓட்டுங்க. ஊட்டுல ஒடம்பு சொகமில்லாதவரு இருக்காரு," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். என்னிடமே ஐந்து மாதம் மறைத்ததை, மில்லில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், நாலு நாளைக்கு ஒரு தரம் என்பதிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.